வெள்ளப் பேரேடும் கட்டுப்பாட்டு வரைபடமும்: பொறியாளர் நிகழ்தகவு கற்ற வரலாறு

பொறியியல் பயிலும் மாணவர் நிகழ்தகவு, புள்ளியியல் ஆகிய இரண்டையும் கடந்தே பட்டம் பெறவேண்டிய நிலை இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உள்ளது. நாணயம் சுண்டுவதில் தொடங்கி, பகடை, சீட்டுக்கட்டு, பையிலுள்ள வண்ணப் பந்துகள் என்று வளர்ந்து, இயல்நிலைப் பரவலின் அட்டவணையில் அப்பாடம் முடிகின்றது. இந்திய ஆய்வியல் துறையின் விருப்பப் பாடங்களுக்கு வந்து அமரும் பொறியியல் மாணவர்களிடம் இதைப் பற்றி நாம் வினவியதுண்டு. பாலத்தின் சுமையைக் கணக்கிடுவதையோ மின்சுற்றை வரைவதையோ விளக்குங்கால் அவர்களிடம் காணப்படும் ஊக்கம் இப்பாடத்தைப் பற்றிப் பேசும்போது காணப்படுவதில்லை. சூத்திரங்களை மனனம் செய்து தேறிய பாடம் என்பதே பலருடைய விடை.

இதற்காக மாணவரை நோவதில் பயனில்லை. எஃகின் வலிமை இவ்வளவு, ஆற்றின் கொள்ளளவு இவ்வளவு என்று உறுதிபடக் கூறுவதே தம் தொழிலின் பெருமை எனப் பொறியாளர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். 'இவ்வளவு இருக்கக்கூடும், தவறவும் கூடும், தவறக்கூடிய அளவு இது' என்று பேசும் ஒரு துறையை அவர்கள் தாமாக விரும்பி வரவேற்கவில்லை. பெருவெள்ளங்களும் பழுதுபட்ட தொலைபேசிக் கருவிகளுமே அவர்களை அத்துறையின் வாயிலுக்கு இட்டுச்சென்றன. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதியொன்று இந்திய மண்ணில் நிகழ்ந்தது. அதனைத் தமிழில் எடுத்துரைப்பதும், வகுப்பறையில் அது தொலைந்துபோன விதத்தைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் கணிதத் துறையினர் அல்லோம். எனவே சூத்திரங்களைத் தவிர்த்து, அவை எந்தச் சூழலில் தேவைப்பட்டன என்பதையே நோக்குவோம்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர்கள் என்ற முறையில் முதலில் சொற்களைப் பார்ப்பது நமக்கு இயல்பு. 'நிகழ்தகவு' என்னும் கலைச்சொல்லில் உள்ள 'தகவு' தகுதி, பொருத்தம், நடுநிலை ஆகிய பொருள்களைத் தருவது. ஒன்று நிகழ்வதற்கு எவ்வளவு தக்கது என்னும் மதிப்பீடே நிகழ்தகவு. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லின் இலத்தீன் வேரும் 'ஏற்கத்தக்கது' என்னும் பொருளுடையதே. இவ்வொற்றுமை தற்செயலாக இருக்கலாம்; ஆயினும் வகுப்பில் சொல்லத்தக்கது. 'சராசரி' பாரசீக மூலமுடைய சொல். 'புள்ளி' என்பதற்குக் குறி, எண், மதிப்பு எனப் பல பொருள்கள் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் நகரக் கோயில் கணக்கில் மணமான ஆண் ஒவ்வொருவரின் குடும்பத்தையும் ஒரு 'புள்ளி' என்றே எண்ணி வரி வகுத்தனர். மலாயாவிற்கு வட்டித் தொழில் செய்ய வந்த அவர்களுக்குக் 'கணக்கிடப்படும் அலகு' என்னும் கருத்து புதிதன்று.

சிக்கல் தருவது வேறொரு சொல். அது 'பிழை'. தமிழில் பிழை என்றால் அதற்கு உரியவர் ஒருவர் இருக்கவேண்டும். அவரைத் தேடிக் கண்டிக்கவும் வேண்டும். புள்ளியியலில் வரும் பிழையோ எவருடைய குற்றமுமன்று. அளவீடுகள் ஒன்றோடொன்று மாறுபட்டே தீரும் என்னும் இயற்கையைச் சுட்டும் பெயர் அது. 'திட்டப்பிழை' என்று படிக்கும் மாணவர், யாரோ திட்டமிட்டுச் செய்த தவறு என்று கருதினால் வியப்பதற்கில்லை. இவ்விரு வகைப் பிழைகளையும் பிரித்தறிவதே பொறியாளர் இத்துறையிடமிருந்து கற்கவேண்டியிருந்த முதற்பாடம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

கேம்பிரிட்ஜிலிருந்து அலிப்பூருக்கு

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893இல் கல்கத்தாவில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர்களுள் ஒருவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்கர் பணியிலிருந்து 1914இல் வந்துசேர்ந்த இராமானுசன். இதழொன்றில் வெளிவந்த வீட்டுக் கதவிலக்கப் புதிரை மகலனோபிஸ் படித்துக்காட்ட, அடுப்பருகே சமைத்துக்கொண்டிருந்த இராமானுசன் அதற்கான எல்லா விடைகளையும் தரும் தொடர்பின்னத்தை உடனே சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒருவர் எண்களின் உறுதியில் வாழ்ந்தவர். மற்றவர் எண்களின் உறுதியின்மையை ஆராயப் புறப்பட்டவர்.

1915இல் தாயகம் திரும்பவிருந்த நேரத்தில் போரின் காரணமாகப் பயணம் தடைப்பட்டது. அவ்விடைவேளையில் கல்லூரி நூலகத்தில் 'பயோமெட்ரிக்கா' என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளை அவருடைய பயிற்றாசிரியர் மெக்காலே அவருக்குக் காட்டினார். மகலனோபிஸ் அத்தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். அவருக்கு இத்துறையைக் கற்பித்த ஆசிரியர் என எவரும் இலர். கல்கத்தாவில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, கையில் அகப்பட்ட அளவீடுகளிலெல்லாம் இதனைப் பயன்படுத்திப் பார்த்தார்.

அக்காலத்தில் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். இவர் 1913இல் இராமானுசனின் கணக்கேடுகளைக் கண்டு, அவருக்கு உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்தவர். பருவமழையை முன்னறிய ஒட்டுறவுக் கணக்கீடுகளை விரிவாகக் கையாண்டவரும் இவரே. இவர் தம் துறைச் சிக்கல்கள் சிலவற்றை மகலனோபிஸிடம் ஒப்படைத்தார். 1922இல் மகலனோபிஸ் கல்கத்தாவின் அலிப்பூர் வானிலை ஆய்வகத்தின் பொறுப்பையும் ஏற்றார். மழைப் பதிவேடுகள் அவர் கைக்கு வந்தது இவ்வாறே.

இரு வெள்ளங்கள்

அதே 1922இல் வடவங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் துயர்துடைப்புக் குழு ஒன்றை அமைத்தார். இளைஞர் சுபாஷ் சந்திர போஸ் அதில் பணியாற்றினார். வெள்ளம் வடிந்தபின், இனி இவ்வாறு நேராமல் தடுப்பது எப்படி என்னும் வினா எழுந்தது. பொறியாளர்களைக் கொண்ட அரசாங்கக் குழு, வெள்ளநீரைத் தேக்கிவைக்கும் பெரிய தாங்கல்களைக் கட்டலாம் என்னும் கருத்திற்கு வந்திருந்தது. அதற்குப் பெருஞ்செலவு ஆகும். அச்சமயத்தில் இச்சிக்கல் மகலனோபிஸிடம் ஆய்வுக்கு வந்தது.

அவர் செய்தது எளியது போலத் தோன்றும். ஒரு வெள்ளத்தைப் பார்க்காமல், 1870 முதல் 1922 வரையிலான மழையளவுகளையும் வெள்ளங்களையும் ஒருசேரப் பார்த்தார். எந்த அளவு மழை எத்தனை முறை பெய்தது, அவற்றுள் எத்தனை முறை வெள்ளமாயிற்று, மழைக்கும் வெள்ளத்திற்கும் உள்ள உறவு எத்தகையது என்பவற்றைக் கணக்கிட்டார். தாங்கல்களால் பயன் விளையாது. தேங்கும் நீர் விரைவாக வடிவதற்கு வழி செய்வதே தேவை என்பது அவர் கண்ட முடிவு. இவ்வறிக்கை 1927இல் வெளிவந்தது.

இரண்டாம் நிகழ்வு இன்னும் கூர்மையானது. 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் கடும் வெள்ளம் வந்து கரைகள் உடைந்தன. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளையும் பல அடி உயர்த்தவேண்டும் என்று பொறியாளர் குழு கருதியது. களத்தில் பழுத்த பட்டறிவுடையவர்களின் கருத்து அது. வண்டல் படியப் படியப் படுகை உயரும், படுகை உயர்ந்தால் நீர் கரை மீறும் என்னும் விளக்கம் கேட்பதற்கு நியாயமாகவும் இருந்தது. மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுக்காலப் பதிவுகளை ஆராய்ந்து, படுகையில் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் இல்லை என்று காட்டினார். மேற்பகுதியின் நீர்ப்பிடிப்பு நிலங்களில் பெய்த மிகுமழையே வெள்ளத்திற்குக் காரணம். கரையை உயர்த்துவது நோய் ஓரிடமிருக்க மருந்தை வேறிடத்தில் இடுவதாக முடிந்திருக்கும். மேலே அணை கட்டி நீரைத் தடுப்பதே வழி என்றும், அவ்வணையால் மின்னாற்றலும் பெறலாம் என்றும் அவர் கருதினார். மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை 1957இல் திறக்கப்படுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஆய்வு இது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பொறியாளர்கள் அறியாதவர்களாகவும் புள்ளியியலார் அறிவாளியாகவும் நடித்த நாடகமன்று இது. நீர் எப்படி ஓடும் என்பதை மகலனோபிஸைவிட அப்பொறியாளர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் அறியாதது, ஒரு வெள்ளம் எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பதே. நேற்று நடந்த பேரிடர் கண்முன் நிற்கும்போது அதற்கென ஒரு தனிக் காரணத்தைக் கற்பித்துக்கொள்வது மனித இயல்பு. முன் கண்ட 'பிழை' என்னும் சொல்லை நினைவுகூர்க. கரை உடைந்தது; எனவே ஏதோ ஒன்று பிழைத்துவிட்டது; அதனைக் கண்டுபிடித்துச் சரிசெய்க என்பது அச்சொல்லின் தருக்கம். இயல்பான ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று அறிந்த பின்னரே தனிக் காரணம் உண்டா என்று கேட்கமுடியும் என்பது பேரேட்டின் தருக்கம்.

மாநிலக் கல்லூரியில் மகலனோபிஸ் நடத்திவந்த புள்ளியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றியது. 1933இல் 'சங்க்யா' இதழ் வெளிவந்தது. எண், அறிவு ஆகிய இரு பொருளையும் தரும் வடசொல்லை இதழுக்குப் பெயராக்கியது பொருத்தமே. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1941இல் புள்ளியியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கியபோது அதில் பயின்ற முதல் மாணவர்களுள் ஒருவர் சி. ஆர். ராவ். துறை வளர்ந்தது. ஆனால் அது பொறியியலுக்கு வெளியே, தனித்துறையாக வளர்ந்தது.

ஷூவார்ட்டின் கிண்ணம்

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வாயில் திறந்தது. சிக்காகோவை அடுத்த ஹாத்தோர்ன் ஆலையில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் தொலைபேசிக் கருவிகளைப் பெருமளவில் செய்துவந்தது. மண்ணுக்கடியில் புதைக்கப்படும் கருவி பழுதானால் தோண்டி எடுக்கவேண்டும். எனவே பழுதைக் குறைக்கப் பொறியாளர்கள் இடைவிடாது முயன்றனர். அளவு சற்றே கூடினால் இயந்திரத்தைக் குறைத்து வைத்தனர். குறைந்தால் கூட்டி வைத்தனர். விளைவு விந்தையானது. திருத்தத் திருத்த மாறுபாடு மிகுந்தது.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஷூவார்ட் என்னும் இயற்பியலார் 1924 மே 16ஆம் நாள் தம் மேலாளருக்கு ஏறத்தாழ ஒரு பக்க அளவிலான குறிப்பொன்றை அனுப்பினார். அதில் ஒரு சிறு வரைபடம் இருந்தது. நடுவே சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். பின்னாளில் இவ்வெல்லைகள் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்க அளவில் அமைவது வழக்கமாயிற்று. எல்லைக்குள் ஏறியிறங்கும் அளவுகள் இயல்பான மாறுபாட்டால் வருவன. அவற்றுக்காக இயந்திரத்தைத் தொடலாகாது. எல்லைக்கு வெளியே செல்லும் அளவு ஒன்று தோன்றினால் அதற்கு உரிய காரணம் உண்டு, தேடுக. கட்டுப்பாட்டு வரைபடம் என இன்று உலகெங்கும் வழங்குவது இதுவே. பிராமணி ஆற்றங்கரையில் எழுந்த அதே வினா இங்கே ஆலைத் தொழிலாளியும் பார்த்து விடையறியக்கூடிய படமாயிற்று.

இதனைப் பிறர் நம்பும்படி செய்ய ஷூவார்ட் கையாண்ட முறை ஆசிரியர்களாகிய நம் கவனத்திற்குரியது. எண்கள் எழுதப்பட்ட 998 வட்டச் சில்லுகளைக் கிண்ணத்தில் இட்டார். அவ்வெண்கள் இயல்நிலைப் பரவலுக்கு இயைய அமைந்தவை. ஒரு சில்லை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே இட்டுக் கலக்கி, அடுத்ததை எடுத்தல்; இவ்வாறு 4,000 முறை. நான்கு நான்காகச் சேர்த்து 1,000 மாதிரிகளாக்கி, அவற்றின் சராசரிகள் எவ்வாறு பரவுகின்றன என்று பார்த்தார். வடிவம் வேறுபட்ட பரவல்களைக் கொண்ட கிண்ணங்களிலும் இதனைச் செய்தார். மூல எண்கள் எப்படிப் பரவியிருந்தாலும் நான்கின் சராசரிகள் நடுவே கூடி நெருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. 1931இல் வெளிவந்த தம் நூலில் அவ்வெண்கள் யாவற்றையும் அச்சிட்டார். இன்று நம் மாணவர் 'மைய எல்லைத் தேற்றம்' என்று ஒரு பக்கத்தில் படித்து மறப்பதை அவர் 4,000 முறை கையால் தொட்டு அறிந்தார்.

எட்டு நாள் வகுப்பு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கல ஆலைகளின் பொறியாளர்களுக்கு எட்டு நாள் அளவிலான குறுகிய புள்ளியியல் வகுப்புகள் நடத்தப்பட்டன. அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் எட்வர்ட்ஸ் டெமிங். இவர் 1921இல் மின்பொறியியலில் இளங்கலைப் பட்டம் பெற்று, பின்னர் இயற்பியலுக்கும் புள்ளியியலுக்கும் வந்தவர். மாணவப் பருவத்தில் விடுமுறை நாட்களில் ஹாத்தோர்ன் ஆலையிலும் பணிபுரிந்தவர். 1950இல் ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியத்தின் அழைப்பின்பேரில் தோக்கியோவில் அவர் நடத்தியதும் எட்டு நாள் வகுப்பே. அடுத்த ஆண்டு அவர் பெயரால் ஒரு விருது நிறுவப்பட்டது.

ஆனால் ஷூவார்ட் இந்தியாவிற்கு அதற்கு முன்பே வந்துவிட்டார் என்பது பலரும் மறந்த செய்தி. மகலனோபிஸின் அழைப்பின்பேரில் 1947-48இல் அவர் இந்தியாவில் தங்கி, தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு, தரக் கட்டுப்பாட்டைப் பற்றி உரையாற்றினார். இந்தியப் புள்ளியியல் கழகம் 1953இல் பம்பாயில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைத் தொடங்கிப் பின்னர்ப் பிற நகரங்களுக்கும் விரித்தது. பஞ்சாலைகள் நிறைந்த கோயம்புத்தூரிலும் அத்தகைய பிரிவு அமைந்தது. அந்நகரிலேயே தென்னிந்திய நெசவாராய்ச்சிச் சங்கம் 1956இல் தோன்றியது. நூலின் தடிமன் இழைக்கு இழை மாறும். அறுந்த நூலை முடிந்துகொண்டே வேலை செய்த ஆலைத் தொழிலாளிக்கு மாறுபாடு என்பது ஏட்டுச் செய்தியன்று.

முன்னதாகத் தொடங்கிய இந்தியா ஏன் ஜப்பானைப் போலப் பெயர் பெறவில்லை? மூலதனம், சந்தை, ஆட்சிமுறை எனக் காரணங்கள் பல. கல்வியைச் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. ஜப்பானில் புள்ளியியலை ஏற்றுப் பரப்பியவர்களுள் பொறியாளர்கள் முன்னின்றனர். பயன்பாட்டு வேதியியல் பயின்ற கௌரு இஷிகாவா போன்றோர் அதனை எளிய கருவிகளாக்கி ஆலைக்குள் கொண்டுசென்றனர். 1962 முதல் தொழிலாளர் குழுக்களும் அவற்றைப் பயன்படுத்தின. இந்தியாவில் உலகத்தரமான புள்ளியியலார் உருவாயினர். அவர்கள் ஆலைக்கு வருகை தரும் வல்லுநராகவே இருந்தனர். வல்லுநர் திரும்பிச் சென்றதும் வரைபடமும் அவருடன் திரும்பியது. மகலனோபிஸ் இதனை உணராதவர் அல்லர். புள்ளியியலைக் கணிதத்தின் கிளையாகக் கருதாமல் தொழில்நுட்பமாகவே கருதவேண்டும் என அவர் தொடர்ந்து வாதிட்டுவந்தார். பொறியியல் கல்லூரிகளோ அதனைக் கணிதத் தாளாகவே ஏற்றன.

நூறாண்டு வெள்ளம்

இதன் விளைவை இன்றும் காணலாம். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பெய்த மழையை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று அதிகாரிகள் குறிப்பிட்டனர். மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை 2000இல் வெளியிட்ட நகர்ப்புற வடிகால் கையேடும் இத்தகைய மீள்வரவுக் காலக் கணக்கின் அடிப்படையில் அமைந்ததே. நீரியல் பயிலும் குடிசார் பொறியியல் மாணவர் அனைவரும் அறிந்த கணக்கு அது. ஆனால் 'நூறாண்டுக்கு ஒருமுறை' என்று கேட்டவுடன், ஒருமுறை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்றே பலரும் ஆறுதல் கொள்கின்றனர்.

அத்தொடர் சொல்வது வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வெள்ளம் வருவதற்கான நிகழ்தகவு நூற்றில் ஒன்று. சென்ற ஆண்டு வந்தது என்பதால் இவ்வாண்டின் நிகழ்தகவு குறைவதில்லை, ஆற்றுக்கு நினைவில்லை. 30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கி ஆற்றோரத்தில் குடியேறும் குடும்பம், கடன் அடைவதற்குள் ஒருமுறையேனும் அவ்வெள்ளத்தைச் சந்திப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. நூறாண்டு முழுதும் எடுத்துக்கொண்டால் 63 விழுக்காடு. முழு உறுதி அப்போதும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு நிகழ்தகவு மாறாது என்னும் எடுகோளின்மேல் நிற்கும் கணக்கு இது. காடு அழிந்து நிலம் கல்பாவப்படும்போதும் வெப்பநிலை உயரும்போதும் அவ்வெடுகோளே ஆட்டங்காணும். 1870 முதல் 1922 வரையிலான பதிவேட்டை நம்பி மகலனோபிஸ் முடிவு கூறமுடிந்தது. இன்றைய மாணவர், தம் கையிலுள்ள பதிவேடு நாளைக்கும் பொருந்துமா என்று முதலில் கேட்டாகவேண்டும்.

இக்கணக்கைச் செய்ய ஒரு கழித்தலும் ஓர் அடுக்கும் போதும். பகடையை விட்டு ஏதேனும் ஓர் ஊரின் 50 ஆண்டு மழைப்பதிவை மாணவர் கையில் கொடுத்து, கரையை உயர்த்தலாமா என்று கேட்டால் இரண்டு வகுப்புகளுக்குள் முடியும் பாடம் அது. பதிவேடுகளுக்கும் பஞ்சமில்லை. இந்தியாவில் மழைமானிகளின் அளவுகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நாள்தோறும் பதியப்பட்டு வந்துள்ளன. அவற்றை எழுதியவர்களுள் பெரும்பாலோர் ஊரளவில் பணிபுரிந்த கணக்கர்களும் எழுத்தர்களும். மழை பெய்யாத நாளிலும் தவறாமல் சுழியம் இட்டவர்கள். வடவங்காளத்தின் தாங்கல்கள் கட்டப்படாமல் நின்றதற்கு அச்சுழியங்களும் காரணம்.